வெயிலில் காயவைத்த வாட்ச்

இரண்டு வருடத்துக்கு முன், பொங்கல் முடிந்த வாரம் அது. ராயபுரம் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு மளிகைக் கடை. காலை ஆறு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். நான் வீட்டு வாசலை மிதிக்குமுன்பே என் தொப்பை உள்ளே போய்விடும்.

அதைப் பார்த்துப் பயந்த மகள், பெங்களூருக்கு வேலைக்குத் திரும்பும்போது என் கையில் ஒரு ஸ்மார்ட் வாட்ச்சைக் கட்டிவிட்டுப் போனாள். நடக்கிற அடிகளை எண்ணும், இதயத் துடிப்பைப் பார்க்கும், எல்லாம் அவள் போனுக்கும் போகும். தினம் எட்டாயிரம் அடி என்று உத்தரவு. முதல் நாள் நான் நடந்தது அறுநூற்றுச் சொச்சம். அதிலும் பாதி, எண்ணுகிறதா என்று கையை ஆட்டிப் பார்த்தது.

எங்கள் தெருவுக்குக் காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா ஒருவர் உண்டு. கூடையைத் தலையில் வைத்துத் தெருத் தெருவாக நடந்தே விற்பவர். எங்கள் கடையில் தண்ணீர் குடித்து, என்னோடு கொஞ்சம் வம்பளந்து, நான் விடும் கப்சாக்களுக்குச் சிரித்துவிட்டுத்தான் போவார். அவர் கால்களைப் பார்த்ததும் என் மூளை வேகமாக நடந்தது.

"அக்கா, இது வெயில்ல ஓடற வாட்ச். கடைக்குள்ள வெயிலே படல. கட்டிக்கினு போய் மத்தியானம் குட்த்துடு."

"இன்னா அண்ணாச்சி, வடாம் மாதிரி காயப்போடணுமா?" என்று சிரித்தபடி வளையலுக்கு மேலே கட்டிக்கொண்டார்.

அன்றைக்குப் பதினாலாயிரம் அடி! மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. நடந்து களைத்தவன் என்று மனைவி இரண்டு தோசை கூடுதலாக வைத்தாள். மூன்று வாரம் இப்படியே ஓடியது.

ஒரு மதியம், வாட்ச் திரும்பி வந்து என் போனோடு சேர்ந்ததும் ஓர் எச்சரிக்கை வந்தது: துடிப்பு சீராக இல்லாததுபோல் தெரிகிறது, மருத்துவரைப் பாருங்கள். எனக்கு நெஞ்சு படபடத்தது. இடது கை மரத்தது. கொஞ்ச நேரத்தில் வலது கையும். அந்த அடிகள் என்னுடையவை என்று மூன்று வாரமாகச் சொல்லிச் சொல்லி, நானே நம்பிவிட்டிருந்தேன். மகள் போனில் அழுகிறாள். மனைவி என்னை ஆட்டோவில் அள்ளிப் போட்டாள்.

ஈசிஜி எடுத்த டாக்டர் தாளையும் என் தொப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். "துடிப்பு ஒழுங்காத்தானே இருக்கு? காலையில பத்தே முக்காலுக்குத் தாறுமாறா இருந்ததா இந்த வாட்ச் காட்டுது. அப்ப என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க?"

பத்தே முக்காலுக்கு நான் கல்லாவில் மிக்சர் தின்றுகொண்டிருந்தேன். வாட்ச்? அந்தக் கட்டிலில் படுத்தபடியே எனக்கு வியர்த்தது. என் இதயம் நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் தாறுமாறாகத் துடித்தது யாருடையது?

மனைவி முன்னாலேயே உண்மையைக் கக்கினேன். அவள் பார்த்த பார்வையை விடுங்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "வாட்ச் சொல்றது தப்பாவும் இருக்கலாம். ஆனா நிஜமா இருந்தா, ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போய் பக்கவாதம் வரலாம். அந்தம்மாவைச் சீக்கிரம் கூட்டிட்டு வாங்க."

அவர் வீடு எங்கே என்றுகூட எனக்குத் தெரியாது. மறுநாள் காலை கடை வாசலிலேயே காத்திருந்து, வந்ததும் சொன்னேன். அக்கா இடுப்பில் கை வைத்தார்.

"அன்னிக்கு வெயில்ல காயணும்ன. இன்னிக்கு நெஞ்சைப் பாக்குதுன்ற. நாளிக்கு இன்னா, வஞ்சிரம் வறுக்கும்னுவியா?"

"சத்தியமாக்கா!"

"உன் சத்தியம் தெரியாதா? எலிப்பொறிய ரேடியோன்னு சொன்ன ஆளு தானே நீ?"

"படபடப்பு, தலைசுத்தல் எதுனா வருதா?"

"கூடை தூக்கறவளுக்குப் படபடன்னு வராம, சில்லுன்னா வரும்? போ அண்ணாச்சி, சங்கரா மீனு வீணாப்பூடும்."

அவர் சிரித்துக்கொண்டே சொன்ன அந்தப் பதில்தான் என்னை உலுக்கியது. கடையை மனைவியிடம் விட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். கூடையைப் பிடுங்கி என் தலையில் வைத்துக்கொண்டேன். மீன் தண்ணீர் காது வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. முதல் தெருவில் கடை வாடிக்கையாளர்கள் எல்லாம் சிரித்தார்கள். இரண்டாவது தெருவில் எனக்கு நாக்குத் தள்ளியது. மூன்றாவது தெருவில் கூடையை இறக்கிவிட்டு ஒரு சுவரைப் பிடித்து நின்றேன். வாயைத் திறந்தால் கிண்டல் வரவில்லை, அழுகைதான் வந்தது.

அக்கா என் முகத்தையே பார்த்தார். "நீ சிரிக்காம கீறியே அண்ணாச்சி... நெசமாவா?"

மீதி மீனைத் தெரிந்த ஒரு வீட்டில் வைத்துவிட்டு வந்தார். ஆஸ்பத்திரி வாசலில், இளைத்துக்கொண்டு வந்த என்னைப் பார்த்ததும் ஆயா சக்கர நாற்காலியை என் பக்கம் உருட்டினார். "எனக்கில்லம்மா" என்பதற்குள் உட்காரவைத்தும் விட்டார். அக்கா அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தது அப்போதுதான். கால் மணி நேரத்தில், அவருடைய ஈசிஜி தாளைப் பார்த்த டாக்டர் "நல்லவேளை வந்தீங்க" என்றார். வாட்ச் சொன்னது சரிதான்.

இப்போதும் அக்கா மீன் விற்கிறார், கொஞ்சம் தெருக்களைக் குறைத்துக்கொண்டு. மாத்திரையைத் தவறவிடுவதில்லை. "அண்ணாச்சி தான் உசுரக் காப்பாத்துனாரு" என்று போகிற இடமெல்லாம் சொல்கிறார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நான் யோக்கியமாக நடந்திருந்தால் அந்த எச்சரிக்கை வந்தே இருக்காது. ஆனாலும் நான் செய்த பித்தலாட்டத்தைச் சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை. பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா? இன்றுவரை குழப்பம்தான். ஆனால் உயிர் காக்கும் ஒரு செய்தியை ஒருவர் நம்பும்படி செய்ய, கப்சா விட்டே பழகிய எனக்கு மூன்று தெரு பிடித்ததே, அதில் எந்தக் குழப்பமும் இல்லை. தினமும் காலையில் அந்த மூன்று தெருவையும் என் சொந்தக் காலால் நடக்கும்போது அது நினைவுக்கு வராமல் போவதில்லை.