சக்கரத்துக்குப் பின்னால் வைத்த எலுமிச்சம்பழம்

என் மகள் கவிஷாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியபோது நான் மாவிளக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். போன வருடம் சித்திரைத் திருவிழாவின் தேர் நாள். ஞாயிற்றுக்கிழமை, மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். அவளுக்கு அப்போது நான்கு வயது. மாரியம்மனை நம்பும் உங்களிடம் இதைச் சொல்லாமல் எனக்கு மனம் அடங்கவில்லை. சொன்ன பிறகாவது அடங்குமா, தெரியாது.

இலங்கையில் நமுனுகுல மலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். வரிசை வீடுகளான எங்கள் லயம் எல்லாவற்றுக்கும் மேலே, பாதை முடியும் இடத்தில். கோயிலிலிருந்து காலையில் பின்பாதையால் இறங்கும் தேர், பிற்பகலில் முன்பாதையால் ஏறி வரும். ஒவ்வொரு லயத்திலும் நின்று அர்ச்சனைத் தட்டு வாங்கும். கடைசியில்தான் எங்கள் வாசல்.

கவிஷாவுக்கு இழுப்பு புதிதல்ல. இன்ஹேலர் பம்ப் அடித்தால் அடங்கிவிடும். அன்று அடங்கவில்லை. கொழும்பில் கடையில் வேலை செய்யும் என் கணவருக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. மாமியாரிடம் கேட்டேன்.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லுவோமா மாமி?"

"தேரு வர்ற பாதையில வண்டியக் கொண்டாந்து நிறுத்தவா? நாலு சனம் என்ன சொல்லும்? செத்த பொறு. ஆத்தா வாசலுக்கு வரட்டும், துன்னூறு போட்டா சரியாயிரும்."

நான் முன்பள்ளி ஆசிரியை. மூச்சு இழுக்கும்போது பிள்ளையின் விலா உள்ளே குழிந்தால் காத்திருக்கக் கூடாது என்று பெற்றோருக்குச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். ஆனாலும் பொறுத்தேன். மாமியின் சொல்லை மீறப் பயம். ஊர் பேசும் என்ற பயம். அம்மனை நம்பவில்லை என்று ஆகிவிடுமோ என்ற பயம். வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்தேன். கூப்பிடுவதா, வேண்டாமா? இரண்டு மணிக்கு அவள் உதடு நீலமாகத் தெரிந்தது. மாமியிடம் கேட்காமலே போனை எடுத்தேன்.

இலவச ஆம்புலன்ஸ் அரை மணி நேரத்துக்குள் மேலே வந்துவிட்டது. தேர் அப்போது கீழே தேயிலை ஃபெக்டரியின் அகன்ற வாசலில் நின்றதால் வழி இருந்திருக்கிறது. வண்டியில் வந்தவர் ஒரு சிங்களப் பெண். என் வயதுதான் இருக்கும். கவிஷாவின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கைப் பொருத்தினார்.

"படுக்க வைக்க வேணாம் அக்கா. மடியில நேரா வச்சிருங்க. கண்ண மூட விடாம பேசிக்கிட்டே இருங்க."

நான் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. இரண்டு வளைவு இறங்கியதும் வண்டி நின்றது.

எதிரே தேர் ஏறி வந்துகொண்டிருந்தது.

அந்த இடத்தில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஒரு வண்டிக்குத்தான் இடம். பின்பாதையோ கரடுமுரடு, ஆம்புலன்ஸ் அதில் இறங்காது. நாங்கள் பின்னால் ஏறித் திரும்பினாலும், தேர் மேலே வந்துசேர ஒரு மணி நேரமாவது ஆகும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கலாம் என்றால் மாஸ்க்கைக் கழற்ற முடியாது. தேருக்குப் பின்னால் கொஞ்சம் கீழே, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தின் முன்னால் மட்டும் ஒதுங்க இடம் உண்டு. ஆனால் புறப்பட்ட தேரைப் பின்னால் இழுக்கிற வழக்கம் எங்கள் தோட்டத்தில் இல்லை. தேர் பின்வாங்கினால் தோட்டத்துக்கே ஆகாது என்பார்கள்.

டிரைவர் சைரனை நிறுத்தினார். தப்பு மேளமும் நின்றது. கோயில் தலைவர் வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"தேரு பின்னால போறதில்லையேம்மா. எங்கப்பா காலத்துலருந்து போனதில்ல."

முன் கண்ணாடி வழியாக அம்மனின் முகம் நேராகத் தெரிந்தது. கையெடுத்துக் கும்பிட முடியவில்லை, இரண்டு கையும் பிள்ளையின் மேல் இருந்தன. மனதுக்குள் கத்தினேன். ஆத்தா, நீயே வழியை மறித்தால் நான் யாரிடம் போவேன்? உன்னை வாசலில் நின்று வரவேற்காதது குற்றமா? இல்லை, இரண்டு மணி நேரம் காத்திருந்தது குற்றமா? எதுவானாலும் என்னிடம் எடுத்துக்கொள். இவளை விடு.

வெளியே செல்லையா மாமாவின் குரல் கேட்டது. சரிவில் தேர் உருளாமல் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர் அவர்.

"ஏன் தலைவரே, மடுவத்துல கொழுந்து நிறுக்கப் போனா நாமளும்தான் லாரிக்கு ஒதுங்குறோம். ஆத்தா ஒதுங்க மாட்டாளா? அவளுக்கு என்ன இடுப்பு வலியா?"

யாரோ சிரித்தார்கள். யாரோ "வாய மூடுய்யா" என்று அதட்டினார்கள். பூசாரி முன்னால் வந்தார். வண்டிக்குள் எட்டிக் கவிஷாவைப் பார்த்தார். திரும்பிப் போய்த் தட்டிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்தார். தேர் நகரும்முன் எப்போதும் சக்கரத்துக்கு முன்னால்தான் பழம் வைப்பார்கள். அவர் குனிந்து சக்கரங்களுக்குப் பின்னால் வைத்தார்.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டா. புடிங்கப்பா."

முன்வடம் பிடித்திருந்த பெண்கள், தேர் உருண்டுவிடாமல் கயிற்றை இறுக்கி அடி அடியாக விட்டுக்கொடுத்தார்கள். செல்லையா மாமா கட்டையை எடுத்து எடுத்து வைத்தார். அம்மன் என் முகத்தைப் பார்த்தபடியே பின்னால் போனாள். மடுவத்தில் ஒதுங்கி நின்றாள். நாங்கள் கடந்தபோது பூசாரி ஜன்னல் வழியாகக் கவிஷாவின் நெற்றியில் திருநீறு பூசினார். அந்த ஆம்புலன்ஸ் பெண் மாஸ்க்கை அழுத்திப் பிடித்தபடியே தலை குனிந்தார்.

பதுளை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தோம். இரண்டாம் நாள் காலையில் கவிஷா, "தேரு நம்ம வீட்டுக்கு வந்துச்சா?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

வந்திருந்தது. மாமி தனியாகத் தட்டை ஏந்தி நின்றிருக்கிறார். நாங்கள் வீடு திரும்பியதும், "நாந்தான் பொறுக்கச் சொன்னேன்" என்று என் கையைப் பிடித்தார். "நானும்தானே மாமி பொறுத்தேன்" என்றேன்.

பன்னிரண்டு மணிக்கே கூப்பிட்டிருந்தால் தேர் பின்வாங்க வேண்டியே இருந்திருக்காது. இது இன்னும் என்னை உறுத்துகிறது. விளக்கேற்றும்போதெல்லாம் அம்மனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் ஒன்று தெளிந்துவிட்டது. வாசலுக்கு வந்தால்தான் அருள் என்று நான் காத்திருந்தேன். அவளோ வழிவிட்டு ஒதுங்கி நின்று அருள் செய்தாள்.

இந்த வருடத் தேரில் நான் வடம் பிடிக்கவில்லை. கையில் போனுடன் தேருக்கு முன்னால் நடந்தேன். அவசர வண்டி வந்தால் எந்த இடத்தில் ஒதுங்குவது என்று தலைவரே முன்கூட்டிக் குறித்துத் தந்திருந்தார். புறப்படும்போது பூசாரி சக்கரங்களுக்கு முன்னாலும் பழம் வைத்தார், பின்னாலும் வைத்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

தாய்மாரே, பிள்ளைக்கு முடியாமல் போனால் அம்மனைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுக்கொண்டே போனையும் எடுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். நான் பார்த்திருக்கிறேன்.