டுமீல் ரோஜாக்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டில் ஒரு பெட்ஷீட்டுக்கு ஆயுள் முடிந்தது.

சென்னிமலைப் பெட்ஷீட். லேசில் கிழியாது. புதிதாக வந்த கேபிள் டி.வி.யைப் பார்த்தபடியே ஓரத்து நூலை உருவிக்கொண்டிருந்திருக்கிறேன்... விரல்கள் செய்த வேலை எனக்கே தெரியாது.

"ஏனுங்க, சிகரெட்டை உட்டா இப்படியா? அடுத்தது என்ற சேலையப் பிரிச்சுப் போடுவீங்களாட்ட இருக்குது!" என்றாள் என் மனைவி சுகுணா.

நெஞ்சு வலி என்று போன இடத்தில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விட்டுவிட்டேன். வாய் கூடக் கேட்டுக்கொண்டது. கைதான் கேட்கவில்லை! பேனா மூடியைத் திருகும். பஸ் டிக்கெட்டைத் துண்டு துண்டாகக் கிழிக்கும். காலிச் சட்டைப் பையைத் தடவும். வருடக்கணக்காக வேலை கொடுத்துவிட்டுத் திடீரென்று லே-ஆஃப் செய்தால் சும்மா இருக்குமா? மில் ஊர்க் கையல்லவா!

சுகுணா பரணிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினாள். என் பழைய காமிக்ஸ் புத்தகங்கள். பாதியைப் பூச்சி தின்றிருந்தது. கத்தரிக்கோலையும் மைதாப் பசையையும் முன்னால் வைத்தாள். பக்கத்தை வட்டமாக வெட்டி, அதைச் சுருளாக நறுக்கி, வெளி ஓரத்திலிருந்து இறுக்கிச் சுற்றி, அடியில் பசை தடவினால் — ரோஜா!

காமிக்ஸை வெட்ட மனசு வருமா? வரவில்லைதான். ஆனால் சுற்றச் சுற்ற, விரல்கள் அடங்கின. மேசைச் சாடியில் ரோஜாக்கள் நிறைந்தன. ஓர் இதழில் குதிரையின் கால். இன்னொன்றில் 'டுமீல்!'

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் வாசலில் யூசுப் பாய். தெருமுனையில் டெய்லர் கடை வைத்திருப்பவர். தினமும் ஆறு மணிக்குப் பெட்டிக்கடையில் ஒரே தீக்குச்சியில் இருவரும் பற்றவைப்போம். சிகரெட்டை விட்டதிலிருந்து நான் அடுத்த தெரு வழியாகத்தான் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். அவரைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா?

"ஏனுங்க, நான் ஏதாச்சும் தப்பாப் பேசிப் போட்டேனுங்களா?" நின்றபடியே கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. நெஞ்சு வலி, டாக்டர், எல்லாவற்றையும் சொன்னேன்.

"அதச் சொல்லியிருக்கலாமுங்களே... ஆறு மணியானா மிசினை நிறுத்திப் போட்டுத் தெருவையே பாத்துட்டு நிக்கிறேனுங்க."

உள்ளே வந்து உட்கார்ந்தார். அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. என் கண்ணும் கூடவே போனது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். சுகுணா இன்னொரு கத்தரிக்கோலைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

சிரித்துவிட்டார். ஆனால் வெட்டவில்லை. பக்கத்தைப் படித்தார்! அடுத்த பக்கம் எங்கே என்றார். அது ஏற்கெனவே ரோஜாவாகியிருந்தது. விடுவாரா? அதைப் பிரித்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துச் சுருளைப் படித்தார்.

"ஏனுங்க, குதிரைக்காரன் தப்பிச்சானுங்களா?"

"அந்தச் சாடியில எங்கியோ இருப்பானுங்க பாய். தேடிப் பாருங்க."

இப்போது தினமும் ஆறு மணிக்கு வந்துவிடுகிறார். நான் சுற்றுகிறேன், அவர் பிரிக்கிறார். அவர் இன்னும் சிகரெட்டை விடவில்லை. ஆனால் பாக்கெட்டைத் தன் கடையிலேயே வைத்துவிட்டு வருகிறார்.

கெட்ட பழக்கத்தை விடுவது கஷ்டம்தான். அந்தப் பழக்கத்தால் கிடைத்த மனுஷரை விட்டுவிடாமல் அதை விடுவது இருக்கிறதே — அது மகா கஷ்டம்!