பின்னால் இருப்பவனுக்கு மட்டும் ஒரு ஜெபம்

போன வெள்ளிக்கிழமை நான் ஒரு பெயரை விழுங்கிவிட்டேன்.

எங்கள் சபையில் வெள்ளிதோறும் உபவாச ஜெபம். மார்த்தாண்டம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காலை பத்தரைக்குக் கூடுவோம். வேண்டுதல் உள்ளவர்கள் ஒரு சீட்டில் எழுதி, வாசலில் இருக்கும் பெட்டியில் போடுவார்கள். அதை ஒருவர் மைக்கில் வாசிக்க, சபை முழுக்க ஜெபிக்கும். இரண்டு மணிக்குக் கஞ்சியும் பயறும்.

பதினொரு வருடமாக வாசிக்கிறவள் நான்தான். சும்மா வாசித்தால் பரவாயில்லை... பத்திரிகையில் பத்தி எழுதுகிற கை ஆயிற்றே, எடிட் வேறு செய்வேன். 'கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார்' என்று சீட்டில் இருந்தால், 'ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக' என்று வாசிப்பேன். 'மருமகள் சரியில்லை' என்பதும் அதே சமாதானம்தான். நாகரிகமானவள் என்று பெயர்கூட வாங்கியிருக்கிறேன்.

ரோஸ்லெட்டின் சீட்டுகள் எனக்கு மனப்பாடம். அவளுடைய ஒரே மகன் அஜின். எங்கள் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்தவன். இப்போது பெங்களூரில் ஐ.டி. வேலை. மூன்று வருடத்துக்கு முன் வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கியபோது, தான் தன்பாலீர்ப்பாளன் என்று சொன்னான். விக்னேஷ் என்பவனோடு சேர்ந்து வாழ்வதையும் சொன்னான். 'இனி இந்தப் படி ஏறாதே' என்றார் அப்பா. அவன் ஏறவில்லை.

விக்னேஷ் என்ற பெயரே எங்களுக்கு இன்னொரு இடி. இந்து மருமகள் என்றால் ஞானஸ்நானம் கொடுத்து, பெயரை மாற்றிச் சேர்த்துக்கொள்ள வழி வைத்திருக்கிறோம். இதற்கு எந்தப் பக்கத்தைப் புரட்டுவது?

முதல் வருடம் 'என் மகன் மனம் மாற' என்றே ரோஸ்லெட் எழுதினாள். அதை மட்டும் நான் எடிட் செய்யவில்லை. குரலை உயர்த்தியே வாசித்தேன். வேதத்தில் எழுதியிருக்கிறதே, எனக்கென்ன தயக்கம்? போதகர் கண்ணீரோடு ஜெபித்தார். எங்கள் கூட்டம் யூடியூபில் லைவாகப் போகும். பெங்களூரில் இருந்தபடி அஜின் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டாம் வருடம் வேண்டுதல் சுருங்கியது — 'என் மகன் ஃபோனை எடுக்க'. அப்புறம், 'கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வர'. ஃபோனை எடுத்தான். வரவில்லை. கணவர் ரப்பர் தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்து முந்திரிக்கொத்து செய்து, கூரியரில் அனுப்பினாள்.

போன வெள்ளி அவள் சீட்டைப் பிரித்தேன். 'அஜினும் விக்னேஷும் பைக்கில் ஆபீஸ் போய்வருகிறார்கள். கர்த்தர் இருவரையும் பாதுகாக்க வேண்டும்.'

முன்வரிசையில் கமிட்டிக்காரர்கள். போதகர் என்னையே பார்க்கிறார். என் வாய் என்ன செய்தது தெரியுமா? 'தம்பி அஜினின் பயணப் பாதுகாப்புக்காக' என்றது. சபை ஆமென் என்றது. நானும் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டேன்.

கஞ்சி வரிசையில் ரோஸ்லெட் என் பின்னால் வந்து நின்றாள்.

"அக்கா, நான் ரெண்டு பேரு எழுதியிருந்தேன்."

"ஆமா ரோஸ்லெட்... நேரம் போயிட்டுல்லா, அதான் சுருக்கினேன்."

"வண்டி ஓட்டுகது விக்னேஷ்தான் அக்கா. எனக்க மோன் பின்னால இருக்கான். ஓட்டுகவன விட்டுட்டு, பின்னால இருக்கவனுக்கு மட்டும் ஜெபிச்சா எப்பிடி?"

 

"நீ... அத ஏத்துக்கிட்டியா?" என்று மெல்லக் கேட்டேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது அக்கா. வேதத்துல உள்ளத நானும் படிச்சவதானே. ஆனா எனக்குப் பிள்ளைய பாக்கணும். கண்ணால ஒருக்கா பாக்கணும். வீட்டுக்கு வா மக்கான்னு கேட்டேன். 'நம்ம சபையில எங்க ரெண்டு பேருக்க பேரையும் ஒருக்கா சொல்லட்டும்மா, பெறவு வாறேன்'னான். அதான் எழுதினேன். ஆபீஸுக்கு பெர்மிஷன் போட்டுட்டு ரெண்டு பேரும் லைவ் பாத்துட்டு இருந்தாவ."

"பெறவு என்ன சொன்னான்?"

"'பரவால்லம்மா'ன்னு ஒரு மெசேஜ். அவ்வளவுதான்."



வேதத்துக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும் நடுவில் உள்ள பெரிய வழக்கை என்னால் தீர்க்க முடியாது. எனக்கே இன்னும் தெளிவில்லை. ஆனால் இரண்டு பேர் விழாமல் ஆபீஸ் போய்வர வேண்டும் என்று கேட்பதற்குக்கூட அந்தத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டுமா? தேர்தலில் நிற்கிறவருக்கெல்லாம் பெயர் சொல்லி ஜெபித்த மைக் அது. என் நாகரிகத்தில் பாதிக்கு மேல் பயம்தான் என்று இந்த வயதில் தெரிகிறது. உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்தப் பையனைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. ஞாயிறு ஆராதனையில் கீபோர்டு பக்கம் கண் போகாத வாரம் இல்லை.

இன்று வியாழன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ரோஸ்லெட்டை ஃபோனில் கூப்பிட்டேன். உன்னைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். நாளைக்கு மறுபடி அதே சீட்டைப் போடு, மகனையும் லைவ் பார்க்கச் சொல் என்றேன்.

"எழுதுங்க அக்கா. சீட்டும் போடுகேன். ஆனா அவன்கிட்ட இப்பம் சொல்லமாட்டேன். நீங்க வாசிங்க, பெறவு சொல்லுகேன்."

குரலில் கோபமில்லை. மகனுக்கு இன்னொரு தடவை ஆசை காட்ட அவளுக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பத்தியில் எல்லோருடைய பெயரையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். நாளை மைக்கில் மாற்ற மாட்டேன்.