நாய்க்குட்டிக்கு வைத்த பெட்டி

புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. இரண்டாவது உலகச் சண்டை வருவதற்குச் சில வருடங்கள் முன்னால். பாகூர் ஏரித் தண்ணீர் பாயும் ஒரு சின்ன ஊரில் நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். ஊர் என்றால் ஊருக்குள் இல்லை. என் கணவர் கரும்புத் தோட்டத்தை ஒட்டித் தனியாக ஒரு கூரை வீடு போட்டிருந்தார். கூப்பிடு தூரத்தில் அவருடைய அண்ணன் வீடு. அதை விட்டால் நாலா பக்கமும் கரும்பும் நெல்லும்தான்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. சொல்லிக்கொள்ள வெட்கமே இல்லை. கரும்புத் தோகை காற்றில் உரசினாலே யாரோ வருகிறார்கள் என்று நினைப்பேன். நரிகள் கரும்பைக் கடிக்க வரும். அவை ஊளையிட ஆரம்பித்தால் மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு கதவைத் தாழ் போட்டுவிடுவேன். மகளுக்கு அப்போது மூன்று வயது. கணவர் மடை பார்க்கப் போனால் இருட்டித்தான் திரும்புவார். ஒரு நாள் அவரிடம் அழுதே விட்டேன். "ஒரு நாயாவது இருந்தா கொலைச்சிக்கினு இருக்கும். எனக்கும் மனுஷ வாடை மாதிரி இருக்கும்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, சரி பார்க்கலாம் என்றார்.

வில்லியனூர்ப் பக்கம் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் வரைக்கும் போய்த் திரும்பியவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவர் வீட்டு நாய் குட்டி போட்டிருந்தது. ஏதோ சீமை ஜாதி கலந்த நாயாம். கணவர் போய்க் கேட்டதற்கு அந்த மனிதர் பெண் கொடுக்கிற மாதிரி பேசி அனுப்பியிருக்கிறார். தெரு நாய் மாதிரி வெளியே விடக்கூடாது, தொரை வீட்டில் வளர்க்கிற மாதிரி வளர்க்க வேண்டும், குட்டி வருவதற்கு முன்பே வீட்டில் எல்லாம் தயாராக இருக்க வேண்டும், அப்புறம்தான் குட்டி என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இன்னின்னது வேண்டும் என்று கணவர் வந்து ஒப்பித்தார். காற்று படாத, வெளிச்சம் அதிகம் இல்லாத ஒரு மூலை. அதில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் மெத்து மெத்தென்று படுக்கை. தனியாக ஒரு சட்டி. அது போய் வர சுவரில் ஒரு சின்ன வழி. அதற்கென்று தீனி சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

என் ஓர்ப்படி, அதாவது கணவருடைய அண்ணன் பெண்டாட்டி, இதைக் கேட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "இன்னாடி இது, வூட்டுக்கு நாய் வருதா, மாப்ள வர்றாரா?" என்றாள். எங்கள் பக்கம் நாய்க்கு யார் படுக்கை போட்டார்கள்? அது பாட்டுக்குச் சாம்பல் மேட்டில் படுக்கும், மிச்சம் மீதி போட்டால் தின்னும். எனக்கு மட்டும் அந்தச் சொல்தா சொன்னதில் ஒன்றுகூடக் குறையக் கூடாது. குறைந்தால் குட்டி கிடைக்காதே!

அடுப்பங்கரையை ஒட்டிக் கூரையை இறக்கிச் சாய்ப்பு போட்டிருந்தோம். விறகும் வறட்டியும் அடுக்கி வைக்கிற இடம். பகலிலேயே மங்கலாக இருக்கும். அதுதான் குட்டிக்குத் தோதான மூலை என்று முடிவு செய்தேன். கணவர் பாகூர்க் கடையிலிருந்து ஒரு கள்ளிப்பெட்டி கொண்டுவந்தார். அதை வறட்டி அடுக்குக்குப் பக்கத்தில் படுக்கவைத்து, திறந்த பக்கம் அடுப்பங்கரை வாசலைப் பார்க்கிற மாதிரி வைத்தோம். உள்ளே வைக்கோலை உதறிப் பரப்பி, மேலே சாக்கைப் போட்டு, அதற்கும் மேலே என் பழைய புடவையை மடித்துப் போட்டேன். பெட்டிக்குப் பின்னால் மண் சுவரின் அடியில் கணவர் கடப்பாரையால் ஒரு ஓட்டை போட்டார். குருணையை ஒரு பானையில் கொட்டி அங்கேயே வைத்தேன். வீராம்பட்டினத்திலிருந்து கருவாடு கொண்டு வருகிற அம்மாவிடம் சொல்லிக் கருவாட்டுத் தலையாகப் பொறுக்கி வாங்கி, ஓலைப் பெட்டியில் போட்டுப் பக்கத்தில் தொங்கவிட்டேன். கழுத்துக்குக் கட்ட ஒரு கயிறு, அதில் கன்றுக்குட்டியின் பழைய மணி ஒன்று. எல்லாம் முடிந்ததும் எனக்கே பெருமை தாங்கவில்லை.

குட்டி தாய்ப்பாலை மறக்கட்டும் என்று சொல்தா நாள் கடத்திக்கொண்டே இருந்தார். அதற்குள் என் மகளே நாய்க்குட்டி ஆகிவிட்டாள். மணியைக் கழுத்தில் கட்டிக்கொள்வாள். நாலு காலில் போய்ப் பெட்டிக்குள் நுழைந்து உட்காருவாள். நான் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து சட்டியைத் தட்டி "தோ... தோ... தோ..." என்று கூப்பிட வேண்டும். அவள் தவழ்ந்து வந்து என் கையிலிருக்கும் வெல்லத்தை வாயாலேயே கவ்வ வேண்டும். எழுந்து நடந்து வந்தால் ஆட்டம் செல்லாது. அவளே வைத்த சட்டம் அது. சில சமயம் கூப்பிட்டதும் வரமாட்டாள். "குட்டி தூங்குது" என்று உள்ளேயிருந்து குரல் வரும். தினமும் இதே கூத்துதான்.

ராத்திரியில் சாய்ப்பில் எலி ஓடுகிற சத்தம் முன்னைவிட அதிகமாகக் கேட்க ஆரம்பித்தது. குட்டி வந்தால் எலியெல்லாம் ஓடிவிடும் என்று கணவர் சொன்னார். நானும் அதை அப்படியே நம்பினேன்.

கடைசியில் குட்டியைக் கொண்டுபோகலாம் என்று சேதி வந்தது. கணவர் காலையிலேயே ஒரு கூடையும், மூடுவதற்கு ஒரு துணியும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழியைப் பார்த்துவிட்டால் குட்டி திரும்பி ஓடிவிடும் என்று எங்கள் பக்கம் மூடித்தான் கொண்டு வருவார்கள். மகளுக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் சாய்ப்புக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். நான் மத்தியானச் சோறு வடித்துவிட்டுக் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். சாய்ப்பிலிருந்து மணிச் சத்தம் கேட்டது. நாய்க்குட்டி வேஷம் ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன்.

மகள் பெட்டிக்குள் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். பெட்டியின் மேலே நல்ல பாம்பு.

வறட்டி அடுக்கிலிருந்து பெட்டிமேல் இறங்கியிருக்க வேண்டும். சுருண்டு கிடந்தது. தலை மட்டும் எழும்பிப் படம் விரித்து, பெட்டியின் திறந்த பக்கத்துக்கு நேர் மேலே நின்றது. கீழே என் குழந்தை. நடுவில் ஒரு பலகைதான். அவளுக்கு அது தெரியவில்லை. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போது கூப்பிடுவேன் என்று.

கை புளிச் சட்டியிலேயே இருந்தது, எடுக்க முடியவில்லை. கத்த வாய் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. நான் கத்தினால் போதும், "அம்மா" என்று துள்ளி எழுந்து ஓடி வருகிறவள் அவள். எழுந்தால் தலை நேராக அதன்மேல் இடிக்கும். நான் ஓடிப்போய்த் தூக்கலாம் என்றால், எனக்கு முன்னால் அது நிற்கிறது. அண்ணன் வீட்டைக் கூப்பிடவும் வழியில்லை. எந்த நிமிஷமும் அவள் சலித்துப்போய் எழுந்து நிற்கலாம்.

எங்கிருந்து அந்தப் புத்தி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாசலில் மெதுவாகக் குந்தினேன். புளிச் சட்டியையே விரலால் தட்டினேன். முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "தோ... தோ... தோ..." என்றேன். குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

"குட்டி தூங்குது" என்றாள்.

அந்த நேரம் நான் செத்துப் பிழைத்தேன். படம் லேசாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. நான் வெறும் கையை மூடிக்கொண்டு, உள்ளே வெல்லம் இருக்கிற மாதிரி நீட்டினேன். "அய்ய, தூங்குற குட்டிக்கு வெல்லம் இல்லியே! இன்னைக்குப் பெரிய உண்டையாச்சே! தவந்து வர்ற குட்டிக்குத்தான் குடுப்பேன். எந்திரிச்சி வந்தா கெடையாது" என்றேன். சிரித்தேன். பல்லைக் காட்டிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, பைத்தியம் மாதிரி சிரித்தேன். கண்ணை மட்டும் பாம்பின் மேலிருந்து எடுக்க முடியவில்லை. என் கண் போகிற இடத்தை அவள் திரும்பிப் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்து, வம்படியாகக் கண்ணை இழுத்து அவள் முகத்தில் வைத்தேன்.

அவள் "வவ்" என்றாள். ஒரு கையை வெளியே வைத்தாள். மணி கிணுகிணுத்தது. அடுத்த கை. தலை வெளியே வந்தது. படத்துக்கு நேர் கீழே அவளுடைய பின்னல். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். "ஆங், அப்டித்தான், என் செல்லக் குட்டி, தலையத் தூக்காத, தூக்குனா ஆட்டம் செல்லாது" என்றேன். அவள் அன்றைக்குப் பார்த்து நாய்க்குட்டி மாதிரியே நின்று, பின்பக்கத்தை ஆட்டிக் காட்டினாள். வீராம்பட்டினத்து அம்மனை எத்தனை முறை கூப்பிட்டேனோ, எல்லாம் நெஞ்சுக்குள்தான்.

அப்புறம் வந்தாள். தவழ்ந்தே வந்தாள். என் கைக்கு எட்டியதும் அப்படியே வாரி எடுத்துக்கொண்டு, எங்கே போகிறேன் என்று தெரியாமல் வெளியே ஓடினேன். வரப்பில் போய் நின்றபிறகுதான் எனக்குக் கத்தவே வந்தது. கத்தினேன் பாருங்கள், கரும்புக்கு அந்தப் பக்கம் வேலை செய்தவர்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். இடுப்பிலிருந்த மகளோ என் மூடிய கையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "வெல்லம் எங்க?" என்று சண்டைக்கு வந்தாள்.

ஆட்கள் தடி எடுத்துக்கொண்டு போனபோது பெட்டிமேல் ஒன்றும் இல்லை. வறட்டியை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்கள். விறகைக் கலைத்தார்கள். பெட்டியை வெளியே இழுத்துக் கவிழ்த்தார்கள். என் புடவைக்கும் சாக்குக்கும் அடியில், வைக்கோலுக்குள், எலி குடைந்து வைத்த பொந்து. அதில் குருணை சேர்த்து வைத்திருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பாம்புச் சட்டை, முழுசாக.

அந்தச் சட்டை அன்றைக்கு உரித்தது இல்லை. காய்ந்து, வைக்கோலோடு வைக்கோலாக அமுங்கிக் கிடந்தது. அதன்மேல்தான் என் மகள் தினமும் உட்கார்ந்து ஆடியிருக்கிறாள்.

ஓர்ப்படி பெட்டியைப் பார்த்தாள், சுவர் ஓட்டையைப் பார்த்தாள், குருணைப் பானையைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "ஏண்டி, இருட்டு மூலை, வைக்கோலு, எலிக்குத் தீனி, வந்து போவ வழி... நாய்க்கா வூடு கட்டின நீ? பாம்புக்குல்ல கட்டி வெச்சிக்கினு இருந்திருக்கே!" என்றாள். பிறகு என் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் நான் அழுதேன்.

சாயங்காலம் கணவர் கூடையோடு வந்து சேர்ந்தார். முகம் நிறையச் சந்தோஷம். "பெட்டிய எங்க காணோம்?" என்று கேட்டார். வாசலில் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் கூடையை அப்படியே வைத்துவிட்டு மகளைத் தூக்கி உச்சி முதல் உள்ளங்கால் வரை தடவித் தடவிப் பார்த்தார். சொல்தா இப்படிச் சொன்னார் அப்படிச் சொன்னார் என்று பிறகு அவர் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. சுவர் ஓட்டையை அன்றே மண் குழைத்து அடைத்தார்.

பாம்பு போனதுதான் போனது, எங்கே போனது என்று தெரியவில்லை. அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். அதற்குப் பிறகு எத்தனையோ மாதம் நான் கால் வைப்பதற்கு முன் தரையைத் தடியால் தட்டுவேன். பாயை உதறாமல் பிள்ளையைப் படுக்க வைத்ததில்லை. அடுப்புக்குள் விறகு சரிந்தால்கூடப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவேன். குட்டிக்கு நான் எந்தப் படுக்கையும் போடவில்லை. வெட்டவெளியில், வாசல் மண்ணில்தான் படுத்தது. நன்றாகத்தான் வளர்ந்தது.

என் மகள் இன்று பேரன் எடுத்துவிட்டாள். பாம்பு வந்த கதையை நாங்கள் சொல்லக் கேட்டிருக்கிறாளே தவிர, பாம்பு அவள் ஞாபகத்தில் இல்லை. சின்ன வயதில் உனக்கு முதல் முதலாக ஞாபகம் இருப்பது எது என்று அவள் பிள்ளைகள் ஒரு நாள் கேட்டார்கள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் யோசிக்கவே இல்லை. "அம்மா அடுப்பங்கர வாசல்ல குந்திக்கினு என்னப் பாத்துச் சிரிச்சிக்கினே கூப்புட்டது. அம்மா அப்டிச் சிரிச்சி நான் அப்புறம் பாத்ததே இல்ல" என்றாள். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். என் ஆயுசிலேயே நான் அதிகம் பயந்த அந்த நேரம், என் மகளுக்கு அவள் அம்மா சிரித்த நேரமாகத் தங்கியிருக்கிறது. ஒரு பயந்தாங்கொள்ளிக்கு இதற்கு மேல் என்ன கொடுப்பினை வேண்டும்?