மைக் அக்காவும் சிவப்பு அட்டையும்

பேருந்து நிலையத்தில் அவளுக்கு மைக் அக்கா என்று பெயர். ஓட்டுநர்கள், நடத்துநர்கள், பத்திரிகைக் கடைக்காரர் என்று யாரைக் கேட்டாலும் மைக் அக்காதான். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு மைக், சுவரில் ஒரு நேர அட்டவணை, பேருந்துகளைப் பார்க்க ஒரு சின்ன ஜன்னல். அந்த அறைக்குள் உட்கார்ந்து பதினோரு வருடமாக, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எதையும் ஒரு தடவை சொல்லி நிறுத்த மாட்டாள். முதல் தடவை காதில் விழாதவர்களுக்காக அதே வாக்கியத்தை அதே தொனியில் இன்னொரு தடவை சொல்வாள். வேலையில் சேர்ந்த முதல் நாள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அதுதான்.

குரல் நல்ல குரல். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் குரலை நம்பி வண்டி ஏறியவர்களில் ஒருவருக்காவது முகம் தெரியுமா? தெரியாது. ஒரு நாள் கடையில் வரிசையில் நிற்கும்போது முன்னால் இருந்தவர், "அந்த பஸ் ஸ்டாண்ட் குரல் மெஷினாம்ல" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னார். பின்னால் நின்ற மெஷினுக்கு வயிறு எரிந்தது. ஒரு நாளாவது ஒரு மேடையில் ஏறி, ஒரு கூட்டத்துக்கு முன்னால் நின்று, இந்தக் குரல் என்னுடையது என்று காட்டிவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் அவள் மனத்தில் விழுந்தது.

பல்கலைக்கழகத்தில் சனி, ஞாயிறு வகுப்பாகத் தகவல் தொடர்பும் மேடைப்பேச்சும் சேர்ந்த ஒரு வருடப் படிப்பு இருந்தது. விண்ணப்பம் வாங்கி வந்து ஒரு வாரம் அலமாரியிலேயே வைத்திருந்தாள். நாற்பது வயதில் தனியாக வகுப்பில் போய் உட்காரக் கூச்சம். ஆகவே துணைக்கு நாத்தனாரைக் கூப்பிட்டாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான் என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டாள்.

நாத்தனாருக்கு வீட்டில் பாப்பா என்று பெயர். பாப்பாவுக்கு முப்பத்து மூன்று வயது. ஆறு வருடத்துக்கு முன்னால் புருஷனோடு ஒத்துப்போகாமல் ஒரு பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், பிறகு ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே நிலைத்துவிட்டாள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். இருமல் மருந்து வாங்க வந்தவர் தன் குடும்பக் கதை முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் போவார். "நான் எதுக்கு அண்ணி? எனக்கு ஏற்கெனவே வாய் அதிகம்னு உங்க வீட்டுக்காரர் சொல்றாரு" என்றாள். "சும்மா பக்கத்துல உக்காரு, போதும்" என்றாள் மைக் அக்கா.

முதல் பேச்சு அறிமுகப் பேச்சு. மைக் அக்கா மேடை ஏறினாள். எதிரே முப்பது முகங்கள். பதினோரு வருடத்தில் பேசும்போது அவள் ஒரு முகத்தையும் பார்த்ததில்லை, சுவரில் இருக்கும் அட்டவணையைத்தான் பார்த்திருக்கிறாள். வாயைத் திறந்தாள். "நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராகப் பணிபுரிகிறேன்" என்றாள். நிறுத்தினாள். பழக்கதோஷம், அதே வாக்கியத்தை அதே தொனியில் மறுபடியும் சொன்னாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. யாரோ பின்னால், "எந்த நடைமேடை?" என்று கேட்டார்கள். மிச்சப் பேச்சு அவளுக்கு ஞாபகம் இல்லை.

அடுத்து பாப்பா போனாள். கையில் துண்டுக் காகிதம்கூட இல்லை. மாத்திரைப் பெயரைத் தப்பாகச் சொல்லிக் கேட்பவர்களைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினாள். வகுப்பு மறுபடியும் சிரித்தது. ஆனால் இது வேறு சிரிப்பு. முன்னதில் மூக்கு உடைந்தது, பின்னதில் பாப்பாவின் கன்னம் சிவந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ஒரு மணி நேரத்திலேயே மைக் அக்கா கற்றுக்கொண்டாள். வேறு பாடம் எதுவும் அன்று ஏறவில்லை.

அதற்குப் பிறகு அவள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் பேசினாள். எதையும் இரண்டு தடவை சொல்லாமல் இருக்க, வாக்கியம் முடிந்ததும் உதட்டைக் கடித்துக்கொள்ளப் பழகினாள். கண்ணைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று ஒவ்வொருவருடைய நெற்றியையும் பார்த்துப் பேசினாள். பாப்பா எதுவும் செய்யவில்லை. மருந்துக்கடைக்குப் போனாள், வந்தாள், தூங்கினாள், சனிக்கிழமை எழுந்து போய் கைதட்டலை அள்ளிக்கொண்டு வந்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணன், சாப்பிடும்போது, "எங்க பாப்பாவா, மேடையிலயா" என்று பூரித்துப்போவார். மனைவியின் பக்கம் திரும்பி, "நீயும் நல்லா முயற்சி பண்றே" என்பார். அந்த 'முயற்சி'க்கு அவர் தட்டில் குழம்பு குறையும்.

இதைப் பொறாமை என்று சொன்னால் மைக் அக்காவுக்குப் பிடிக்காது. நியாயம் கேட்கிறேன் என்பாள். பாப்பா டம்ளரில் தண்ணீர் குடிக்கும் சத்தம்கூட அவளுக்குப் பிடிக்காமல் போனது எந்த நியாயத்தில் சேர்த்தி என்று எனக்குத் தெரியவில்லை. பொறாமைதான் அது, சுத்தமான பொறாமை.

வருடக் கடைசியில் பட்டமளிப்பு விழா. வகுப்பிலிருந்து ஒருவர் மட்டும் மேடையில் பேசலாம். இறுதிப் பேச்சில் யார் அதிக மதிப்பெண் எடுக்கிறாரோ அவர். ஆயிரம் பேர் உட்காரும் அரங்கம். மைக் அக்கா கேட்ட கூட்டம் அதுதான். தன் இறுதிப் பேச்சை அவள் நன்றாகவே பேசினாள். ஒரு வாக்கியமும் இரண்டு தடவை வரவில்லை. பேராசிரியை, "தேறிட்டீங்க" என்றார். இனி பேச வேண்டியவர்களில் அவளைத் தாண்டக்கூடியவள் ஒருத்திதான்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பேசும்போது இன்னொருவர் கடைசி பெஞ்சில் நேரக்காப்பாளராக உட்கார வேண்டும். கையில் மூன்று அட்டைகள். ஐந்தாவது நிமிடம் பச்சை, ஆறாவது நிமிடம் மஞ்சள், ஏழாவது நிமிடம் சிவப்பு. சிவப்பு ஏறினால் நன்றி சொல்லி இறங்கிவிட வேண்டும், வாதாடக் கூடாது. மற்றவர்கள் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதால் அட்டை பேசுகிறவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். பேராசிரியையோ கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முகத்தைப் பார்த்தால் மதிப்பெண் கூடிவிடும் என்பது அவர் கட்சி. வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி நேரக்காப்பாளர் வேலை மாறும். பாப்பாவின் இறுதிப் பேச்சு அன்று அது மைக் அக்காவுக்கு வந்தது.

பாப்பா மேடை ஏறியதும், "ஒரு குரலைப் பத்திப் பேசப் போறேன்" என்றாள். மைக் அக்கா நிமிர்ந்தாள். பாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தாள். அச்சு அசல் மைக் அக்காவின் குரல். அதே இழுப்பு. ஒரு வண்டியை அறிவித்தாள், நிறுத்தினாள், அதையே மறுபடியும் அறிவித்தாள். வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பாப்பா இரண்டாவது, மூன்றாவது வண்டிகளையும் அப்படியே அறிவித்தாள்.

மைக் அக்காவுக்குக் காது சுட்டது. ஒரு வருடமாக உதட்டைக் கடித்துக் கடித்துத் தொலைத்ததை இவள் எடுத்து வைத்துக்கொண்டு கைதட்டல் வாங்குகிறாளே. என் சோற்றைத் தின்று, என் துணைக்கென்று வந்து, கடைசியில் என்னையே கேலிப்பொருளாக்கி மேடை ஏறுகிறாளே. கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு நிமிடம்கூட முழுதாக ஆகவில்லை. பச்சையைத் தொடவில்லை, மஞ்சளைத் தொடவில்லை. சிவப்பை எடுத்துத் தலைக்கு மேலே பிடித்தாள்.

பாப்பா அந்தப் பக்கம் பார்த்தாள். ஒரு கணம் நின்றாள். "அந்தக் குரலை நான் முதல்ல..." என்று தொடங்கியிருந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு, "நன்றி" என்று சொல்லி இறங்கினாள். பேராசிரியை கண்ணைத் திறந்தார். "அதுக்குள்ள ஏழு நிமிஷமா?" என்று கேட்டார்.

"ஆயிடுச்சு மேடம்" என்றாள் மைக் அக்கா.

பேச்சு முடிவு இல்லாமல் நின்றதற்காக மதிப்பெண் குறைந்தது. விழாவில் பேச மைக் அக்கா தேர்வானாள். வீட்டில் கணவர், "பரவாயில்லையே" என்றார். பாப்பா, "கலக்குங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு வழக்கம்போலத் தூங்கப் போனாள். மைக் அக்காதான் தூங்கவில்லை. சந்தோஷத்தில் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை பாப்பாவுக்கு மருந்துக்கடையில் கணக்கெடுப்பு, வகுப்புக்கு வரவில்லை. எல்லோரும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்த இறுதிப் பேச்சுகளின் எழுத்துப்படியைத் திருப்பிக் கொடுத்த பேராசிரியை, பாப்பாவுடையதையும் மைக் அக்காவிடமே கொடுத்தார். திங்கட்கிழமை அறிவிப்பு அறையில், இரண்டு வண்டிகளுக்கு நடுவே, அவள் அதைப் பிரித்தாள். எவ்வளவு கேலி மிச்சம் வைத்திருந்தாள் என்று பார்த்துவிடலாமே.

மூன்று வண்டி அறிவிப்புகளுக்குப் பிறகு இப்படி இருந்தது: "அந்தக் குரலை நான் முதல்ல கேட்டது ஆறு வருஷத்துக்கு முன்னாடி. கையில ஒரு பையோட இந்த ஊர்ல வந்து இறங்கினேன். அண்ணன் வீடு பத்து நிமிஷம் நடக்கிற தூரம். போறதுக்கு வெட்கம். மூணாவது நடைமேடை பெஞ்சில நாலு மணி நேரம் உக்காந்திருந்தேன். திரும்பிப் போயிடலாம்னு ரெண்டு தடவை எந்திரிச்சேன். அந்தக் குரல் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தது. எல்லாத்தையும் ரெண்டு தடவை சொன்னது. முதல் தடவை காதுல விழாதவங்களுக்காக இப்படிப் பொறுமையா சொல்ற மனுஷி இருக்கிற வீட்டுல, நான் ஒரு தடவை சொல்றதைக் கேப்பாங்கன்னு தோணுச்சு. போனேன். வேலை முடிஞ்சு அப்பத்தான் வந்திருந்த அண்ணிதான் கதவைத் திறந்தாங்க. ஏன் வந்தேன்னு கேக்கலை. சாப்பிட்டியான்னு கேட்டாங்க. நான் அழுததுல பதில் சொல்லலை. சாப்பிட்டியான்னு ரெண்டாவது தடவையும் கேட்டாங்க."

படித்து முடித்ததும் மைக் அக்கா உருகிப் போய்விட்டாள் என்று நான் சொல்லப்போவதில்லை. முதலில் வந்தது பொறாமைதான். பாவி, என் கதையை என்னைவிட நன்றாக எழுதிவிட்டாளே என்று வந்தது. அதற்குப் பிறகுதான், அந்த நாலு மணி நேரமும் இந்த ஜன்னலுக்கு வெளியே அவள் உட்கார்ந்திருந்தாள், நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது உறைத்தது. மூணாவது நடைமேடை பெஞ்ச் அங்கேயே இருந்தது. யாரோ ஒருவர் அதில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிக் கொண்டிருந்தார்.

ஓட்டுநர் ஒருவர் ஜன்னலைத் தட்டினார். "என்ன மைக் அக்கா, வண்டி கிளம்பப் போகுது, ஒரு தடவைகூடச் சொல்லலையே?"

மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பேராசிரியையின் அறைக்குப் போனாள். அவர் தலையைக் குனிந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"மேடம், பாப்பா பேசினப்போ நாலாவது நிமிஷமே நான் சிவப்பு அட்டையைக் காட்டிட்டேன்."

"என்னது?" என்று அவர் நிமிர்ந்தார்.

"மேடம், பாப்பா பேசினப்போ நாலாவது நிமிஷமே நான் சிவப்பு அட்டையைக் காட்டிட்டேன்." அதே வாக்கியம், அதே தொனி. உதட்டைக் கடிக்க மறந்துவிட்டாள்.

"தெரியாம நடந்ததா?"

"தெரிஞ்சுதான். பொறுக்கலை."

பேராசிரியை விடைத்தாளை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, விழாவில் பாப்பா பேசட்டும் என்றார். நேரக்காப்பாளர் பட்டியலிலிருந்து மைக் அக்காவின் பெயரை அவள் கண்ணெதிரிலேயே அடித்தார்.

வீட்டில் அதைச் சொல்வது இதைவிடக் கஷ்டமாக இருந்தது. பாப்பா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு மடிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணி. நீங்க உக்காந்திருந்த பெஞ்சுக்கு மேலதானே சுவர்க் கடிகாரம் இருக்கு."

"தெரிஞ்சுமா நிறுத்தினே?"

"நீங்க காட்டினீங்க. நிறுத்திட்டேன்."

இதிலும் இவளே ஜெயித்துவிட்டாளே என்று மைக் அக்காவுக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். எதிரே உட்கார்ந்து மிச்சத் துணியை மடித்தாள்.

பட்டமளிப்பு விழாவில் மூன்றாவது வரிசையில் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாப்பா மேடை ஏறினாள். வண்டிகளை அறிவித்தாள். ஆயிரம் பேர் சிரித்தார்கள். நாலாவது நிமிடம் வந்தபோது மைக் அக்கா கைகளை மடியில் இறுக்கிக்கொண்டாள். பெஞ்ச் வந்தது, பை வந்தது, கதவு வந்தது, இரண்டு தடவை கேட்ட கேள்வி வந்தது. 

"அந்தக் குரல் மெஷின் இல்லை" என்றாள் பாப்பா. எழுத்துப்படியில் இல்லாத வரி அது. "மூணாவது வரிசையில உக்காந்திருக்காங்க. அண்ணி, எந்திரிங்க."

அத்தனை தலைகளும் திரும்பின. இத்தனை நாளாக அவள் ஆசைப்பட்டது இதற்குத்தான். ஆனால் வேறு ஒருத்தி வாயால் கிடைக்கிறதே என்று அந்த நேரத்திலும் உள்ளே ஒரு மூலையில் புகைந்தது. "எந்திரிடி" என்று கணவர் முழங்கையால் இடித்தார். எழுந்தாள். நெற்றிகளைப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தாள், ஆனால் கண்களையே பார்த்தாள். கைதட்டல் ஓயும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

உட்கார்ந்ததும் வழக்கப்படி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பாப்பாவின் பேச்சு ஒன்பது நிமிடம் போயிருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.