ஹாசல்பியைக் கேட்ட இன்னொருவர்

லியோனார்ட் ஸ்கெல்ஹார்ன் ஹாசல்பி என்ற ஊரில் பால் வண்டி ஓட்டியவர். ஊரில் அவர் மிதிக்காத வாசற்படி கிடையாது. ஆனாலும் மதுக்கடையில் பழைய கதை எழும்போதெல்லாம், "அது உனக்குத் தெரியாது லென், நீ அதுக்கப்புறம் வந்தவன்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அந்த ஊரில் பிறந்தவள் அவர் மனைவி மேவிஸ். அவள் இருந்தவரை அவருக்கும் ஊரில் ஓர் இடம் இருந்தது. அவள் போனபின், ஒருவரோடும் பேசாமலே பல நாட்கள் கழிந்தன.

அந்தச் சமயத்தில்தான் மாதா கோயில் தர்மச் சந்தையில் ஒரு பழைய படத் தபால் அட்டை கிடைத்தது. அவர் குடியிருக்கும் அதே வீடு. வாசலில் முன்பின் தெரியாத ஒருத்தி கால்மிதியை உதறிக்கொண்டு நிற்கிறாள். அவள் யார் என்று ஊரில் விசாரித்தார். ஒருவருக்கும் தெரியவில்லை, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. அன்று பிடித்தது, ஹாசல்பி அட்டைகளைத் தேடிச் சேர்க்கும் பைத்தியம்.

பக்கத்து டவுன் மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிறு பழைய அட்டை வியாபாரிகள் கடை போடுவார்கள். பெட்டிகளில் ஊர்வாரியாக அட்டைகள் நிற்கும். குனிந்த தலை நிமிராமல் ஆட்கள் புரட்டிக்கொண்டிருப்பார்கள். க்ரிண்ட்ராட் என்ற வியாபாரியிடம் லென் ஹாசல்பி அட்டை கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான்: "அந்தம்மா வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க."

அந்த அம்மாளை ஒருநாள் நேரில் பார்த்தார். பனி மூடிய ஹாசல்பி ரயில் நிலையத்தின் அட்டை. இருவர் விரலும் ஒரே நேரத்தில் அதைத் தொட்டன. பச்சைக் கம்பளித் தொப்பி போட்ட ஒல்லியான பெண்மணி, அவர் வயதுதான் இருக்கும்.

"நீங்க அந்த ஊர்லயேவா இருக்கீங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"ஆமாங்க."

"அப்புறம் என்னத்துக்குப் படம்? ஜன்னலைத் திறந்து பாக்க வேண்டியதுதானே."

லென்னுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட்டையை அவருக்கே விட்டுக்கொடுத்தார். அதற்கு ஈடாக அந்த அம்மாள் தேநீர் வாங்கிக் கொடுத்தார். பெயர் ம்யூரியல் டாப்ஸ்காட், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அப்பா ஹாசல்பி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தாராம். ம்யூரியலின் சின்ன வயதிலேயே அப்பாவுக்கு மாற்றலாகிக் குடும்பம் கிளம்பியது. பிறகு ம்யூரியல் அந்தப் பக்கமே போகவில்லை. தேவாலயச் சந்தில் தண்ணீர்க் குழாய் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல லென்னுக்கு மனசு கேட்கவில்லை, ஆனால் சொன்னார். ஸ்டேஷனை இடித்து வீடு கட்டிவிட்டதையும் சொன்னார். அவர் தலையாட்டியபடி கேக்கைப் பாதியாக வெட்டி லென் பக்கம் தள்ளினார்.

அன்றே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். ரயில், பள்ளிக்கூட அட்டைகள் அவருக்கு, கடைத்தெரு, வீட்டு அட்டைகள் லென்னுக்கு. அதற்குப் பிறகு ஞாயிற்றுச் சந்தை என்றால் அட்டைகளைவிட அந்தத் தேநீர் மேசைதான் லென்னுக்கு முக்கியமாகிவிட்டது. ம்யூரியலின் வாயில், "நீங்க அப்புறம் வந்தவர்" என்ற பேச்சு வந்ததே இல்லை. அவருக்குத் தெரிந்த பழைய ஊரை அவர் சொன்னார், இன்றைய ஊரை லென் சொன்னார்.

ஒருமுறை போகிற போக்கில், "ஊருக்குக் கூப்பிட்டா வருவேன், கூப்பிடாம வர்ற பழக்கம் எனக்கில்ல" என்று ம்யூரியல் சொன்னார். லென் சிரித்து மழுப்பினார். வீடு கிடந்த கிடப்பு அப்படி. மேவிஸின் கோட்டுகள்கூட இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தன. வசந்தம் வரட்டும், சுவருக்கு வெள்ளையடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்துக்கொண்டார். வசந்தம் வந்தது. வெள்ளையடிக்கவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று இருந்துவிட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு ம்யூரியல் சந்தைக்கு வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. சளி, காய்ச்சலாக இருக்கும் என்று லென் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விலாசம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை என்பதே அப்போதுதான் உறைத்தது. அதற்கடுத்த சந்தையில் க்ரிண்ட்ராட் அவரைத் தனியே அழைத்து, மேசைக்கு அடியிலிருந்து, அட்டைகள் நிறைந்த ஒரு செருப்புப் பெட்டியை எடுத்து வைத்தார்.

"அந்தம்மா தவறிட்டாங்க, லென். அண்ணன் மகன் கொண்டாந்து போட்டுட்டுப் போனான். வேற யாரு கேப்பாங்க இதையெல்லாம்? முதல்ல உன்கிட்டயே சொல்லிடுவோம்னு வச்சிருந்தேன்."

லென் பேரம் பேசவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே பேருந்தில் வீடு திரும்பினார். சமையலறை மேசையில் இரண்டு பேர் அட்டைகளையும் தெருவாரியாகப் பரப்பினார். விடுபட்ட இடம் ஏதுமில்லாமல் ஊர் முழுசாக வந்துவிட்டது. "பார்த்தீங்களா" என்று சொல்ல வாயெடுத்தவர், எதிர் நாற்காலியைப் பார்த்துவிட்டு எழுந்து போய்க் கெட்டிலை அடுப்பில் வைத்தார்.

அதற்கப்புறமும் சந்தைக்குப் போவதை அவர் விடவில்லை. ஆனால் கேள்வி மாறிவிட்டது. வேறு யாராவது ஹாசல்பி கேட்டார்களா என்றுதான் இப்போது கேட்பார். க்ரிண்ட்ராட் உதட்டைப் பிதுக்குவார். கடைசியில் லென் தன்னிடம் இரட்டையாக இருந்த அட்டைகளைக் கொண்டுபோய் க்ரிண்ட்ராடின் கடைப் பெட்டியிலேயே வைக்க ஆரம்பித்தார். யார் கையிலாவது அகப்படட்டும் என்ற எண்ணம்தான்.

கோடையில் ஒருநாள் கடைத்தெரு அட்டை ஒன்றைக் காணவில்லை. லென்னின் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் க்ரிண்ட்ராடுக்குச் சங்கடமாகிவிட்டது.

"ஒரு பொண்ணு வாங்கிட்டுப் போச்சு. ஊர் பேரெல்லாம் கேக்கல, லென். படத்துல குதிரை இருக்குன்னு வாங்கிச்சு."

"நல்ல குதிரைதான் அது," என்றார் லென். பையிலிருந்து அதே கடைத்தெருவின் இன்னோர் அட்டையை எடுத்து, பெட்டியில் ஹாசல்பி என்று எழுதிய தடுப்பு அட்டைக்குப் பின்னால் நேராக நிற்கும்படி செருகிவிட்டு, தேநீர் வாங்கப் போனார்.