சிலிக்கான் மேல தப்பு இல்ல என்ற சுமதி

சுமதி இறந்துவிட்டார்.

காலையில் கீழ்பென்னாத்தூரிலிருந்து அவர் தம்பி போன் பண்ணினார். "அண்ணா, அக்கா போயிட்டாங்கண்ணா..."

"எந்த அக்கா?" என்று கேட்டுவிட்டேன். சத்தியமாகப் புரியவில்லை.

தலை வலிக்குது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். நேற்றுதான் மெசேஜ் அனுப்பியிருந்தார், "திங்கக்கிழமை வந்துடறேன், லேப் புக் பண்ணிடுங்க" என்று. பண்ணிவிட்டேனே சுமதி...

பெங்களூர் ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து சீட். நான் திருவண்ணாமலை டவுன் என்பதால் ஊருக்கும் ஒரே பஸ்.

அறுபது கிகாஹெர்ட்ஸில் வயர் இல்லாமல் வீடியோ அனுப்பும் சிப். அதை கம்ப்யூட்டர் சிப் செய்கிற அதே சாதா சிலிக்கானில் செய்ய வேண்டும். அதுதான் எங்கள் வேலை.

முதல் சிப் ஃபேக்டரியிலிருந்து வந்தது. சிக்னலே இல்லை... செத்த சிப்.

"சிலிக்கான் தாங்காது, விட்டுடலாம்" என்றார் மேனேஜர். மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

"சிலிக்கான் மேல தப்பு இல்ல சார். நாம சிப்புக்குள்ள போட்ட வயர்லதான் சிக்னல் லாஸ் ஜாஸ்தியா ஆவுது. நான் திரும்ப வரையறேன், இன்னொரு தடவ அனுப்பலாம்." சுமதி மட்டும்தான் பேசினார்.

அந்தப் பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் அப்பா வேர்க்கடலை உரித்துக்கொண்டே கேட்டார், "நீ செய்யற சிப்பு எவ்ளோ தூரம்மா போவும்?"

"ஒரு ரூமுக்குள்ளதாம்பா. செவுரு தாண்டாது."

"ஒரு ரூமுக்கா? அதுக்கா இவ்ளோ படிச்ச?"

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார் சுமதி.

இரண்டாவது சிப் வந்த அன்று ஸ்கிரீனில் சிக்னல் எழும்பி நின்றது. சிப்புக்கும் ரிசீவருக்கும் குறுக்கே கையை வைத்தார், மறைந்தது. எடுத்தார், வந்தது. மறுபடி வைத்தார்... எங்களை யாரையும் கிட்டே விடவில்லை.

லேபிலிருந்தே அப்பாவுக்கு போன். "அப்பா, வந்துடுச்சுப்பா!"

அந்தப் பக்கம் அவர், மகள் வந்த பஸ் என்று நினைத்துக்கொண்டார். "வந்துடுச்சா? ஸ்டாண்டுலயே நில்லும்மா, தோ வந்துட்டேன்."

சாயந்திரம் எடுக்கிறார்களாம். நான் கிளம்புகிறேன். அவர் அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பேன்... தெரியவில்லை.

லேப் புக்கிங்கை கேன்சல் பண்ணக் கை வரவில்லை.

போயிட்டு வாங்க சுமதி.